லினக்ஸில் கேம் ஆடலாமா, விண்டோஸிலேயே இருக்கலாமா? பழைய லேப்டாப்பிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

"ஏங்ண்ணா, ஸ்கூல்ல இருக்கற உபுண்டுல ஜிடிஏ ஓடுமா?"

கொழிஞ்சாம்பாறையில் நான் வைத்திருக்கும் சர்வீஸ் கடையில் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்கிற பையன்கள் வீட்டில் தமிழ் பேசி, தமிழ் மீடியத்தில் படித்து, கேரள அரசுப் பள்ளியில் கணினி கற்றுக்கொண்டவர்கள். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் நடக்கிறது; உபுண்டு அதில் ஒரு வகை. அதனால் மவுஸ் பிடிக்கும் வயதிலேயே இவர்களுக்கு லினக்ஸ் தெரியும். எல்லையைத் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் போனால், 2011-இல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்ததை அண்ணன்மார் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆக எங்கள் பக்கம் லினக்ஸ் புதுச் சரக்கு இல்லை. அதில் கேம் ஆடலாம் என்பதுதான் புதுசு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப் வைத்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸா விண்டோஸா என்பதை நீங்கள் ஆடும் கேம்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கடுத்து உங்கள் கிராபிக்ஸ் கார்டு. மற்றதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். அதனால் பென்டிரைவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

படி 1: ஆடும் கேம்களை எழுதுங்கள்

கடந்த ஆறு மாதத்தில் நிஜமாக ஆடியவற்றை மட்டும் எழுதுங்கள். ஒருநாள் ஆடுவோம் என்று வாங்கி வைத்தவை வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் ப்ரோட்டான்டிபி தளத்தில் தேடுங்கள். லினக்ஸில் அந்த கேமை ஆடிப் பார்த்தவர்கள் அங்கே அனுபவத்தைப் பதிந்திருப்பார்கள். நேட்டிவ், பிளாட்டினம், கோல்ட் என்றால் கவலை இல்லை. சில்வர், பிராண்ஸ் என்றால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 'போர்க்ட்' என்று சிவப்பில் இருந்தால் ஓடாது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கீழே இறங்கி, உங்கள் கார்டு வைத்திருப்பவர் சமீபத்தில் எழுதியதைப் படியுங்கள்.

ஆன்லைன் கேம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஆன்டி-சீட் எனப்படும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஆர் வீ ஆன்டி-சீட் யெட்' என்ற தளத்தில் பட்டியலே இருக்கிறது.

கடையில் அடிக்கடி கேட்கப்படும் பெயர்களை மட்டும் இங்கே சொல்கிறேன். வேலரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜியின் கணினிப் பதிப்பு, கால் ஆஃப் டியூட்டியின் புதிய பாகங்கள், ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆகியவை லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸை மூடிவிட்டார்கள். ஜிடிஏ 5-இல் கதைப் பகுதி நன்றாக ஓடும். ஆன்லைன் பகுதி 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் வந்ததோடு நின்றுவிட்டது. கால்பந்துப் பைத்தியங்களுக்கு வருத்தமான சேதி: இஏ எஃப்சியின் புதிய பதிப்புகளும் அதன் ஆன்டி-சீட் காரணமாக ஓடாது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ இரண்டும் போன் கேம்கள், அவற்றைப் போனிலேயே ஆடுங்கள்.

மறுபக்கம் பாருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, மைன்கிராஃப்ட் ஜாவா, ஸ்டார்டியூ வேலி, டெரேரியா, யூரோ டிரக் சிமுலேட்டர் 2 எல்லாம் லினக்ஸுக்கென்றே வெளிவந்த பதிப்புகள். விட்சர் 3, எல்டன் ரிங், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077 ஆகியவை ப்ரோட்டான் வழியாக ஓடும். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் கருவி அது, அடுத்து விளக்குகிறேன்.

தாளில் இருப்பதில் முக்கால்வாசி முதல் கூட்டத்தில் விழுந்தால் விண்டோஸிலேயே இருங்கள். இதை மனதாரச் சொல்கிறேன். தினமும் நண்பர்களோடு வேலரன்ட் ஆடுகிற பிள்ளையின் மெஷினில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால், ஒரே வாரத்தில் அவனுக்கு லினக்ஸ் என்ற பெயரே பிடிக்காமல் போய்விடும்.

விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது?

இது தெரிந்தால் பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் வில்லேஜ் ஆபீஸ் படிவம் மலையாளத்தில் இருந்தால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் கேட்டு, மலையாளத்தில் எழுதிக் கொடுப்பார். படிவம் மாறுவதில்லை, அதிகாரியும் மாறுவதில்லை. 1993-இல் தொடங்கிய ஒயின் செய்வது இந்த வேலைதான். விண்டோஸுக்காக எழுதிய நிரல் கேட்பதை, லினக்ஸுக்குப் புரியும்படி அங்கேயே மாற்றிச் சொல்கிறது. உள்ளே இன்னொரு விண்டோஸை ஓட்டுவதில்லை. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

கேமில் கனமான வேலை படம் வரைவது. விண்டோஸ் கேம்கள் அதற்கு டைரக்ட்3டி என்ற மொழியில் பேசும். அதை வல்கன் என்ற மொழிக்கு மாற்றுவது டிஎக்ஸ்விகே. அதன் 12-ஆம் பதிப்பில், அதாவது டிஎக்ஸ்12-இல், பேசும் கேம்களுக்கு விகேடி3டி-ப்ரோட்டான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒயின், இந்த இரண்டு, இன்னும் சில துணைக்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் ப்ரோட்டான் என்ற பெயரில் ஸ்டீம் என்ற தன் கேம் கடைக்குள் வைத்தது. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் கைக்கருவி வந்த பிறகு வேலை இன்னும் வேகம் பிடித்தது. 2025 அக்டோபரில் ஸ்டீமின் மாதாந்தரக் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது.

ஆன்டி-சீட் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது? அவற்றில் பல விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து கண்காணிப்பவை. லினக்ஸில் அந்தக் கெர்னலே இல்லை. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இல்லாத வீட்டைக் காட்ட முடியாது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் லினக்ஸில் இயங்கத் தயார்தான், ஆனால் கேம் நிறுவனம் அனுமதிக்க வேண்டும். எல்டன் ரிங் அனுமதித்திருக்கிறது. பலர் அனுமதிக்கவில்லை. நாம் எதை நோண்டினாலும் இது மாறாது. குறுக்குவழி சொல்கிற வீடியோக்களை நம்பினால் கணக்கு முடக்கப்படும் ஆபத்து உண்டு.

படி 2: கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போனால் ஜிபியு பெயர் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். வல்கன் 1.3-ஐ அந்தக் கார்டு தாங்குமா என்பதுதான் கேள்வி. ப்ரோட்டான் 8-உம் அதற்குப் பிறகு வந்தவையும் அதைக் கேட்கின்றன.

இன்டெலில் 6-ஆம் தலைமுறை தொடங்கி எல்லாம் தாங்கும். இதில் ஒரு நல்ல சங்கதி இருக்கிறது. விண்டோஸ் 11 வேண்டாமென்று தள்ளிய 6, 7-ஆம் தலைமுறை மெஷின்கள் லினக்ஸின் தேவையைச் சரியாகப் பூர்த்தி செய்கின்றன. எனக்குத் தெரிந்து, லினக்ஸுக்கு மாறுவதால் அதிகம் லாபம் அடைபவர்கள் இவர்கள்தான். 4-ஆம் தலைமுறையில் வல்கன் அரைகுறை. சின்ன 2டி கேம்களும் லினக்ஸுக்கென்றே வந்த பழைய கேம்களும் ஆடலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏஎம்டி கார்டு லினக்ஸில் ராஜா. டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் போட வேண்டியதில்லை.

என்விடியாவில் கார்டு வயதைப் பார்க்க வேண்டும். ஜிடி 710, கெப்ளர் வகை ஜிடி 730 எங்கள் பக்கம் நிறைய வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கும். அவற்றுக்கான கடைசி டிரைவர் 470 வரிசை, வல்கன் 1.2 வரைதான் போகும். ப்ரோட்டான் 7-ஐ வைத்துப் பழைய கேம்கள் ஆடலாம், புதியவை வராது. ஜிடிஎக்ஸ் 750, 900, 1000 வரிசை நன்றாக ஓடும், ஆனால் 580 வரிசைதான் அவற்றுக்குக் கடைசி டிரைவர். ஜிடிஎக்ஸ் 1650-க்கும் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. என்விடியாவில் டிஎக்ஸ்12 கேம்கள் விண்டோஸை விடச் சற்று மெதுவாக ஓடுவதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டிஎக்ஸ்11 கேம்களில் அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது.

படி 3: விண்டோஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

அவசரப்பட்டு இதைத் தாண்டி ஓடுபவர்கள்தான் பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள்.

கேம் சேவ்களை எடுத்து வையுங்கள். ஸ்டீம் கிளவுட் இருக்கும் கேமுக்குப் பயமில்லை. இல்லாதவற்றின் சேவ், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ, மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரிலோ இருக்கும். வீட்டுப் படங்கள், ஆதார், சர்டிபிகேட் பிடிஎஃப்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஏற்றுங்கள்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் ரெகவரி கீயைத் தாளில் எழுதிவைத்து, பிறகு அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணையுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுத முடியாது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி, 100 ஜிபியாவது காலி இடம் விடுங்கள். அதைவிட நல்ல வழி தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் போடுவது. டெஸ்க்டாப்பில் இடம் இருக்கும். லேப்டாப்பிலும் பல மாடல்களில் ஹார்டு டிஸ்குக்கு ஒரு இடம், எம்.2-க்கு ஒரு இடம் என்று இரண்டு இருக்கும். ஒரே டிஸ்கில் இரண்டையும் போட்டால் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசை மாறும் தொல்லை வரலாம்.

படி 4: எந்த லினக்ஸ்?

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, நீங்கள் இரண்டை மட்டும் யோசித்தால் போதும்.

பழைய லேப்டாப், வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவது, படிப்பும் கேமும் கலந்தது என்றால் லினக்ஸ் மின்ட். பள்ளியில் உபுண்டு பழகிய பிள்ளைக்கு உள்கட்டமைப்பு அதேதான், முகம் மட்டும் விண்டோஸ் மாதிரி. அப்பா அம்மாவுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓரளவு புது கார்டு, முழுக்க கேமுக்கே என்றால் பஸைட். ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டது. ஸ்டீம், டிரைவர், கன்ட்ரோலர் ஆதரவு எல்லாம் உள்ளேயே வருகிறது. பதிவிறக்கும் பக்கத்தில் உங்கள் கார்டு என்ன என்று கேட்டுப் பொருத்தமான ஃபைலைத் தரும். அங்கே சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் டிரைவர் தலைவலியே கிடையாது.

உபுண்டுவே வேண்டும் என்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். அதன் ஆப் கடையில் வரும் ஸ்னாப் வடிவ ஸ்டீம் வேண்டாம். ஸ்டீம் தளத்திலிருந்து டெப் ஃபைலை இறக்கிப் போடுங்கள்.

படி 5: பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் வரை

மின்டுக்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். பஸைட்டுக்கு 16 ஜிபி எடுங்கள். ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற கருவி கொண்டு, பதிவிறக்கிய லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை அதில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

மெஷினை அணைத்து ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. மின்ட் பென்டிரைவிலிருந்தே முழுதாகத் திறக்கும். உடனே இன்ஸ்டால் பொத்தானை அழுத்தாமல் பத்து நிமிடம் சோதியுங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். இங்கே வேலை செய்வது இன்ஸ்டால் செய்த பிறகும் வேலை செய்யும்.

இன்ஸ்டாலர் உங்கள் டிஸ்கையே காட்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பயாஸில் ஸ்டோரேஜ், இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். விண்டோஸும் அதே மெஷினில் இருந்தால் அதை முதலில் சேஃப் மோடில் திறக்க ஏற்பாடு செய்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். மற்றபடி இன்ஸ்டால் எளிது. கேட்கிற கேள்விகள் ஐந்தாறுதான்.

படி 6: டிரைவர், இங்கே நிதானம் வேண்டும்

ஏஎம்டி, இன்டெல்காரர்கள் அப்டேட் மேனேஜரை ஒருமுறை முழுதாக ஓட்டி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

என்விடியாக்காரர்கள் மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, 'ரெகமண்டட்' என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் ஆகியிருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நிமிடமே தேவைப்படும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் ஒரு திரை வரும். பத்து விநாடிதான் நிற்கும். அதில் முதல் வரி 'கன்டின்யூ பூட்', இரண்டாவது வரி 'என்ரோல் எம்ஓகே'. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்து, அந்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

வேலந்தாவளத்திலிருந்து வந்த ஒரு பாலிடெக்னிக் பையனின் லேப்டாப்பில் இந்தத் திரையை நான் கவனிக்கவில்லை. மெஷினை ரீஸ்டார்ட் போட்டுவிட்டு டீ வாங்கத் திரும்பினேன். வந்து பார்த்தால் டெஸ்க்டாப் அழகாகத் திறந்திருந்தது. கேமைப் போட்டால் ஒவ்வொரு படமாக நகர்கிறது, கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி. ஃபேன் இரைச்சல் கடைக்கு வெளியே கேட்கிறது. அவன் முகம் வாடிவிட்டது. "வேண்டாங்ண்ணா, விண்டோஸே போட்டுக் கொடுத்துருங்க" என்றான். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து கிராபிக்ஸ் வரியைப் பார்த்தேன். கார்டு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. டிரைவர் ஏறவே இல்லை, பிராசஸரே ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். டிரைவரை மறுபடி போட்டு, நீலத்திரைக்காகக் காத்திருந்து, இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தோம். அதே கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அன்றிலிருந்து எந்த மெஷினிலும் கேமைத் திறக்கும் முன் அந்த கிராபிக்ஸ் வரியைப் பார்த்துவிடுகிறேன். நீங்களும் பாருங்கள். கார்டின் பெயர் இருந்தால் நல்லது. எல்எல்விஎம்பைப் இருந்தால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் இன்னொரு கவனம். மின்டின் கீழ்ப்பட்டையில் என்விடியா சின்னம் இருக்கும், அதில் எந்தக் கார்டு இயங்க வேண்டும் என்று சொல்லலாம். சார்ஜரில் வைத்து ஆடும்போது பெர்ஃபாமன்ஸ் முறை எளிது. பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் 'ஆன்-டிமாண்ட்' வைத்து, ஸ்டீம் ஐகானில் ரைட் கிளிக் செய்து தனிக் கார்டில் ஓட்டும் வரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

படி 7: ஸ்டீமும் ப்ரோட்டானும்

மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஸ்டீம் இரண்டு வடிவத்தில் தெரியும். ஃப்ளாட்பேக் அல்லாத, சிஸ்டம் பேக்கேஜ் வடிவத்தைப் போடுங்கள். உள்நுழைந்ததும் செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியைப் பாருங்கள். புதிய ஸ்டீமில் எல்லா கேமுக்கும் ப்ரோட்டான் தானாகவே வந்துவிடும், பழையதில் அங்கே ஒரு டிக் போட வேண்டும். அவ்வளவுதான். இனி லைப்ரரியில் இன்ஸ்டால் அழுத்தினால் விண்டோஸில் நடப்பதுதான் இங்கும் நடக்கும்.

முதல்முறை திறக்கும்போது வல்கன் ஷேடர்கள் என்ற, படம் வரையும் குட்டி நிரல்களைத் தயார் செய்வதாகச் சொல்லி நேரம் எடுக்கும். பொறுமையாக விடுங்கள். அதை முடிய விடாமல் ஸ்கிப் செய்தால் ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் விட்டுவிட்டு ஓடும், பலர் அதை வைத்தே லினக்ஸ் மெதுவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

படி 8: இருக்கிற கேமை மறுபடி இறக்காமல் கொண்டுவருவது

100 ஜிபி கேமை மாத டேட்டாவில் இரண்டாம் முறை இறக்குவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. எனவே எல்லோருக்கும் தோன்றும் யோசனை, விண்டோஸின் டி டிரைவில் இருக்கும் ஸ்டீம் ஃபோல்டரையே லினக்ஸிலும் காட்டிவிடலாம் என்பது. செய்யாதீர்கள். அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி சி டிரைவ் உருவாக்குகிறது. அதற்குத் தேவையான இணைப்புகளும் ஃபைல் பெயர்களும் என்டிஎஃப்எஸ்ஸில் சரியாக உட்காருவதில்லை. 'ப்ளே' அழுத்தினால் ஒரு நொடி பச்சையாகி, மறுபடி 'ப்ளே' என்றே நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

சரியான வழி: லினக்ஸில் அந்த கேமை இன்ஸ்டால் கொடுத்து, இறங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். என்டிஎஃப்எஸ் டிரைவில் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் 'காமன்' என்ற ஃபோல்டரில் உங்கள் கேம் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து லினக்ஸ் டிஸ்கில் அதே பெயருள்ள இடத்தில் ஒட்டுங்கள். பிறகு கேமின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு நண்பனிடம் அதே கேம் இருந்தால் இன்னும் சுலபம். இரண்டு மெஷினையும் ஒரே வைஃபையில் இணைத்து, ஸ்டீமின் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை இரண்டு பக்கமும் ஆன் செய்யுங்கள். இன்டர்நெட்டுக்குப் பதில் அவன் மெஷினிலிருந்தே இறங்கும். 2023-இல் வந்த வசதி இது, நண்பனுடையது விண்டோஸாக இருந்தாலும் வேலை செய்யும்.

பஸ் ஓட்டுபவர்களுக்குத் தனியாக

எல்லையின் இரண்டு பக்கமும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆடும் கூட்டம் பெரிது. கேஎஸ்ஆர்டிசி பஸ் மாட் (கேமில் சேர்க்கும் கூடுதல் ஃபைல்) போட்டு, ஹாரன் சத்தம் வரை பார்த்துப் பார்த்துச் சேர்ப்பவர்கள். "மாட் ஃபோல்டரே காணோம்ங்ண்ணா" என்று வருவார்கள். விண்டோஸில் அது டாக்குமென்ட்ஸில் இருக்கும். லினக்ஸ் பதிப்பில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் 'லோக்கல்' என்று புள்ளியோடு தொடங்கும் ஃபோல்டர், அதற்குள் 'ஷேர்', அதற்குள் கேமின் பெயர், அதற்குள் மாட். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோலையும் ஹெச்-ஐயும் சேர்த்து அழுத்தினால் தெரியும். மாட் ஃபைல் இரண்டிலும் ஒன்றே, அப்படியே நகலெடுக்கலாம்.

இந்த கேமின் லினக்ஸ் பதிப்பு, படம் வரைய ஓபன்ஜிஎல் என்ற மொழியில் பேசுகிறது. சில மெஷினில் அது திணறும். அப்போது ப்ராப்பர்ட்டீஸில் ப்ரோட்டானைக் கட்டாயமாக்கி, விண்டோஸ் பதிப்பை ஓட்டிப் பாருங்கள். ஆனால் அப்போது மாட் ஃபோல்டர் இடம் மாறிவிடும். ஸ்டீம்ஆப்ஸுக்குள் 'கம்பாட்டேட்டா' என்ற ஃபோல்டரில், 227300 என்ற எண்ணுக்குள், அந்தக் குட்டி சி டிரைவின் டாக்குமென்ட்ஸில் இருக்கும். பெரும்பாலான ப்ரோட்டான் கேம்களின் சேவும் இப்படி அதனதன் எண்ணுக்குள்தான் இருக்கிறது. முன்பு எடுத்துவைத்த சேவ்களையும் இங்கேதான் ஒட்ட வேண்டும்.

படி 9: ஸ்டீமுக்கு வெளியே

எபிக்கில் வாரம் தவறாமல் இலவச கேம் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? ஹீரோயிக் கேம்ஸ் லாஞ்சரைப் போடுங்கள். எபிக், ஜிஓஜி, அமேசான் மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும், ப்ரோட்டானையும் தானே இறக்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸில் வரும் கணினி கேம்களை லினக்ஸில் இன்ஸ்டால் செய்ய வழியில்லை. மாதச் சந்தா கட்டி அதையே ஆடுபவர்களுக்கு விண்டோஸ்தான்.

பழைய சிடி கேம்களுக்கு லூட்ரிஸ் நல்லது. எக்ஸ்பி காலத்து கேம்கள் சில, விண்டோஸ் 11-ஐ விட லினக்ஸில் சுமுகமாகத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். பென்டிரைவில் கைமாறும் கிராக் கேம்களை மட்டும் லினக்ஸுக்கும் கொண்டுவராதீர்கள். ஒயினுக்குள் ஓடும் நிரலுக்கு உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதும் கண்ணில் படும், படங்களும் சர்டிபிகேட்டும் உட்பட.

கன்ட்ரோலரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் வகை இரண்டும் செருகினால் வேலை செய்யும். மலிவு கன்ட்ரோலரில் பொத்தான்கள் தாறுமாறாக வந்தால், நடுப்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து எக்ஸ்-இன்புட் முறைக்கு மாற்றுங்கள்.

படி 10: உங்கள் மெஷினில் நீங்களே ஒப்பிடுங்கள்

யாரோ பெரிய கார்டில் எடுத்த வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே கேம், ஒரே காட்சி, ஒரே செட்டிங். லேப்டாப்பைச் சார்ஜரில் வையுங்கள். ஷேடர் தயாரான பிறகு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். லினக்ஸில் மேங்கோஹட் என்ற கருவி ஓரத்தில் எண்களைக் காட்டும், அதை டிக் போட்டே அமைக்க கோவர்லே இருக்கிறது.

விநாடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம்டைம் கோட்டைக் கவனியுங்கள். கோடு சமமாகப் போனால் 45-லும் கண்ணுக்கு இதமாக இருக்கும். முட்கள் போல ஏறி இறங்கினால் 70 காட்டினாலும் கை உணரும். பழைய, ரேம் குறைந்த மெஷினில் பின்னணிச் சுமை குறைவதால் லினக்ஸின் கோடு சமமாக வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். புது என்விடியா கார்டில், டிஎக்ஸ்12-இல், ரே டிரேசிங்கோடு ஆடுபவருக்கு விண்டோஸ் முந்தும்.

கேம் திறக்கவில்லை என்றால்

இந்த வரிசையில் போங்கள். கேமின் ப்ராப்பர்ட்டீஸில் ப்ரோட்டான் எக்ஸ்பெரிமென்டலுக்கு மாற்றுங்கள். அது உதவாவிட்டால் ஒரு பழைய பதிப்புக்கு. கட்சீன் வீடியோ மட்டும் கறுப்பாக வந்தால் ஜிஇ-ப்ரோட்டானைப் போடுங்கள், ப்ரோட்டான்அப்-க்யூடி என்ற செயலி அதை இறக்கித் தரும். அதற்கும் மசியவில்லை என்றால் சேவை வெளியே எடுத்துவிட்டு, கம்பாட்டேட்டாவில் அந்த கேமின் எண்ணுள்ள ஃபோல்டரை அழியுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாகும். இதற்குள் பெரும்பாலானவை ஓடிவிடும்.

இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும் நாள் ஒன்று வரலாம். மெஷினின் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும், விண்டோஸ் இந்திய நேரமாகவும் எடுத்துக்கொள்வதுதான் காரணம். நேரம் தப்பாக இருந்தால் ஆன்லைன் கணக்குகள் உள்ளே விட மறுக்கும். விண்டோஸில் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகிவிடும்.

எல்லாம் நன்றாக ஓடத் தொடங்கிய அன்றே, மின்டில் உள்ள டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்தால், இன்ஸ்டால் செய்த அதே பென்டிரைவில் பூட் செய்து, டைம்ஷிஃப்டில் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் அந்த நாளுக்கே திரும்பிவிடும். அதனால் அந்தப் பென்டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிவிடாமல், லேப்டாப் பையிலேயே போட்டு வையுங்கள்.